களரியும் லயமும்: ஊவாத் தோட்டப்புறங்களிற் பொதுப் போட்டிக்களம் — ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கமாக இறங்கும் மலைத்தொடரில் அமைந்தது பூனாகலை. ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் தேயிலைப் பெருந்தோட்டப் பகுதிகளுள் ஒன்றாகிய இதன் அயலிலேதான், தோமஸ் லிப்டன் அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் 'லிப்டன் இருக்கை' என்னும் குன்றுமுனை உள்ளது. அம்முனையில் நிற்போருக்குப் பச்சை மலைகள் தெரியும். பள்ளத்தே லயக் கூரைகளும் தெரியும். பெருந்தோட்டங்களின் வரலாறு நெடுங்காலம் அம்முனையில் நின்று பார்த்தே எழுதப்பட்டது. பின்னர்த் தொழிற்சங்க வரலாறும் குடியுரிமை வரலாறும் எழுதப்பட்டன. அவை மிகத் தேவையானவை. எனினும், பெரட்டும் கொழுந்து நிறுவையும் முடிந்தபின் இம்மக்கள் எங்கே கூடினர், எதனைக் காண்பதற்குக் கூடினர், அக்கூட்டத்தாற் பெற்றது யாது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்பட்டன என்று கூறுவதற்கில்லை.

இக்கட்டுரை அவ்வினாக்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சிலம்பம் முதலிய போர்க்கலைகளிற் பயின்றோர், தாம் எத்தோட்டத்தவராயினும் எவ்வாசிரியரிடம் பயின்றவராயினும், ஊரார் முன்னிலையில் இறங்கித் தம் திறனைச் சோதித்துக்கொள்ளும் இடத்தையே நாம் 'பொதுப் போட்டிக்களம்' எனக் குறிப்பிடுகிறோம். இன்று கராத்தே முதலிய துறைகளில் 'திறந்த போட்டி' என வழங்கப்படுவதும் இக்கருத்தையே உடையது. இத்தகைய களங்கள் மக்களை ஈர்ப்பது ஏன்? வீரத்தைக் காணும் விருப்பம் என்ற ஒற்றை விடை போதாது என்பதும், மூடப்பட்ட வாழ்விடத்திற்கும் திறந்த களத்திற்கும் இடையேயுள்ள முரண்பாட்டிலேயே அவ்வீர்ப்பின் சமூக அடிப்படை தங்கியுள்ளது என்பதும் எமது கருத்தாகும்.

பழந்தமிழ் இலக்கியத்திற் களரி

பொதுக்களத்திற் போரிட்டுக் காட்டும் வழக்கம் தமிழ்ச் சமூகத்தில் மிகப் பழையது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து உழைக்கும் மக்கள் முதிய மரங்கள் நின்ற களரியில் திரண்டு, கையாலும் படைக்கலத்தாலும் ஒருவரோடொருவர் பொருததைக் கூறுகிறது. அவர்கள் கவணில் வைத்தெறிந்த கல்லுக்கு அஞ்சிப் பறவைகள் பனைமரங்களை விட்டுப் பறந்தன என்றும் அப்பாட்டுச் சொல்லும். மதுரைக்காஞ்சியில் ஓண நாள் விழாவின்போது சேரிகளுக்கிடையே நடைபெற்ற போர் வருணிக்கப்படுகிறது. குறுந்தொகையில் ஆதிமந்தியார் பாட்டாக வருவதில் (31), காணாமற்போன தலைவனைத் தேடும் பெண் முதலிற் செல்வது மள்ளர் கூடும் விழாவிற்கே. அடுத்தே மகளிர் துணங்கையாடும் களத்திற்குச் செல்கிறாள். ஊரார் யாவரும் வந்து சேரும் இடம் அதுவே என்பது அவள் தேடும் முறையிலிருந்து புலனாகும்.

இவை யாவற்றினும் எமது ஆய்வுக்கு இன்றியமையாதது ஆமூர் மல்லனைப் பற்றிய புறநானூற்றுச் செய்தியாகும். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரிலே மல்லன் ஒருவனோடு பொருது வென்றான். அதனைச் சாத்தந்தையார் பாடினார் (80). தந்தை தித்தனோடு பகைகொண்டு நாடு நீங்கியிருந்த மகனது அவ்வெற்றியை, உவப்பினும் உவவாவிடினும் தித்தன் காணவேண்டும் என்பது புலவரது விருப்பம். நக்கண்ணையார் பாட்டு (85) வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. இவ்வூர் என் தலைவனுக்கு ஊருமன்று, நாடுமன்று. ஆதலின் அவன் வென்றான் என்று ஒரு சாராரும் வெல்லவில்லை என்று ஒரு சாராரும் கூறினர். நானோ ஒரு மரத்தடியிற் சார்ந்து நின்று அவன் வென்றதைக் கண்டேன் என்கிறாள் அப்பெண்.

இப்பாடலிற் பொதுக்களத்தின் கூறுகள் அனைத்தும் அமைந்துள்ளன. வெளியூரான் இறங்குகிறான், உள்ளூர் மல்லன் எதிர்க்கிறான், கூட்டம் இரண்டாகப் பிளவுபடுகிறது, பிறப்பிடம் தீர்ப்பைப் பாதிக்கிறது, எனினும் கண்ணாற் கண்ட ஒருவரின் சான்று எஞ்சுகிறது. 'ஊரும் அன்று, நாடும் அன்று' என்ற நிலையில் உள்ளவனுக்கு நீதி கிடைக்குமா என்ற வினா, ஈராயிரம் ஆண்டுகளின் பின்னர் ஊவாவின் மலைகளில் வேறொரு பொருளோடு எழுந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

படைக்கலம் களையப்பட்ட இரு நிலங்கள்

இன்றைய மலையகத் தமிழரின் முன்னோர் பெரும்பாலும் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோராவர். இவற்றுள் தென்பகுதிகள் பாளையக்காரர் போர்களின் களங்களாயிருந்தவை. 1799 ஒக்ரோபரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஒக்ரோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் சென்னை ஆளுநர் எட்வேட் கிளைவ் வெளியிட்ட அறிவித்தல், தென்பாளையங்களில் மக்கள் படைக்கலம் தாங்குவதைத் தடைசெய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் தாம் கற்றுக்கொண்டதை, அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830 இல் வெளியான தமது நினைவு நூலிற் குறித்துள்ளார். கற்பித்தவர் தூக்குமேடையில் மாண்டார், கற்றவர் நூலெழுதினார்.

ஈட்டியும் வளரியும் துப்பாக்கியும் பறிக்கப்பட்ட நாட்டில், உழவனது கையிலிருந்த கம்பைப் பறிப்பது எளிதன்று. அது மாடு மேய்க்கவும் பாம்படிக்கவும் சுமை தாங்கவும் உதவும் பொருள். கம்பு விளையாட்டு கிராமியத் திருவிழாக்களிலும் வாழ்வுச் சடங்குகளிலும் நிலைபெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

அவர்கள் வந்து சேர்ந்த நிலத்திற்கும் இதனையொத்த வரலாறு உண்டு. 1817 இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் பிரித்தானியருக்கெதிரான கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்த உதவி வதிவிடப் பிரதிநிதி டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818 நவம்பர் 26 இல் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆளுநர் பிறவுண்றிக்கின் படைகள் வயல்களையும் குடியிருப்புகளையும் அழித்தன. சிங்களப் போர்க்கலையாகிய அங்கம்பொர இக்கிளர்ச்சியின் பின்னரே தடைசெய்யப்பட்டது என்பது அக்கலை மரபினர் வழிவழியாகக் கூறும் செய்தியாகும். வெறுங்கைப் போர் 'அங்கம்' எனவும், படைக்கலப் போர் 'இலங்கம்' எனவும் அம்மரபிற் பகுக்கப்படும். சுதலிய, மருவல்லிய எனும் இரு பிரிவினர் அரசன் முன்னிலையிற் பொருத கதைகள் அதிலும் உண்டு. எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் மற்போர் புரிவோரின் செதுக்குருவங்களை இன்றும் காணலாம்.

எனவே, 1801 இற் படைக்கலம் களையப்பட்ட நிலத்தின் மக்கள், 1818 இற் படைக்கலம் களையப்பட்ட நிலத்திற்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். இரு மக்களையும் அடக்கியது ஒரே பேரரசாகும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தின் வழியாகக் கிராமத்தவரின் காட்டு நிலங்கள் முடிக்குரியனவாக்கப்பட்டுத் தோட்டச் சொந்தக்காரருக்கு விற்கப்பட்டன. நிலத்தை இழந்த சிங்களக் குடியானவனும், ஊரை இழந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே மலைச்சரிவில் அயலவராயினர். ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும்படி பின்வந்த அரசியல் அவர்களைப் பழக்கியது. அவர்களது போர்க்கலை மரபுகளின் ஒத்த வரலாறு இருசாராராலும் சேர்த்து நோக்கப்படாமற் போனமை இதன் ஒரு விளைவேயாகும்.

மூடிய தோட்டமும் திறந்த களமும்

1820களிற் கோப்பியோடு தொடங்கிய பெருந்தோட்ட முறை, 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறியது. புகையிரதப் பாதை 1893 இல் அப்புத்தளையையும், 1894 இல் பண்டாரவளையையும், 1924 இற் பதுளையையும் அடைந்தது. பொருள் உலகச் சந்தைக்குத் தங்குதடையின்றிச் சென்றது. அப்பொருளை ஆக்கியோரின் நடமாட்டமோ மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டப்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 'துண்டு' முறையின்கீழ், பட்ட கடனைத் தீர்த்துத் துண்டு பெறாத தொழிலாளியை வேறு தோட்டம் ஏற்காது. 1921 இல் அம்முறை ஒழிக்கப்பட்டபோதும், அத்துமீறிப் பிரவேசித்தல் பற்றிய சட்டம் எஞ்சியது. வெளியார் தோட்டத்தினுள் வருவதைத் துரை தடுக்கலாம். தொழிற்சங்கத்தாரைத் தடுக்க அச்சட்டம் பலமுறை பயன்பட்டது. லயத்து வீடு தொழிலாளிக்குரியதன்று. அவ்வீட்டுக்கு வரும் விருந்தினனும் நிருவாகத்தின் கண்ணில் அந்நியனே.

இப்பின்னணியில் நோக்கும்போதுதான் தோட்டத் திருவிழாவின் சமூகப் பொருள் தெளிவாகும். மாரியம்மன் கோயில் விழாவும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும், கதிர்காம யாத்திரையும் ஒரு தோட்டத்தாரை மற்றொரு தோட்டத்தாரோடு சேர்த்தவை. தப்பொலி அடுத்த மலைக்குக் கேட்கும். கரகம், காவடி, கோலாட்டம் ஆகியவற்றோடு சிலம்பாட்டமும் இவ்விழாக்களில் இடம்பெற்று வந்தது. மற்றைய ஆட்டங்களிற் பார்வையாளர் காண்பது முன்னரே வகுத்த ஒழுங்கு. சிலம்பத்திலோ முடிவு முன்கூட்டியே தெரியாது. எதிர்நிற்பவன் அயற்றோட்டத்தானாயின் இரு தோட்டங்களின் மானமும் அதில் தங்கும். பகலெல்லாம் பெயர்ப்பதிவிலும் கொழுந்தின் நிறையிலும் கணக்கிடப்பட்ட மனிதன், அன்றிரவு தன் பெயராலும் தன் ஆசிரியரின் பெயராலும் அறியப்பட்டான்.

பொதுப் போட்டிக்களத்தின் ஈர்ப்பு என நாம் கூறுவது இதனையே. துரை வகுத்த எல்லைகளைத் தாண்டி மனிதர் சந்திப்பதற்கும், தமது மதிப்பைத் தாமே அளப்பதற்கும் கிடைத்த மிகச் சில வாய்ப்புகளுள் அது ஒன்று.

கம்பும் முறையும்

மரபுவழிச் சிலம்பத்திற் கம்பின் நீளம் பொதுவாக ஆடுவோனின் புருவமட்டம்வரை அமையும். பயிற்சி கம்பிலிருந்து தொடங்குவதில்லை, காலிலிருந்தே தொடங்கும். காலடி வைப்பு முறைகளாகிய சுவடுகள் பழகியபின்னரே வீச்சுக் கற்பிக்கப்படும். களத்தில் இறங்குவோன் மண்ணையும் ஆசிரியரையும் சபையையும் வணங்கி 'சலாம் வரிசை' செய்வான். அச்சொல் அறபு வழியது, வரிசை தமிழ். கிராமியப் பயிற்சிக் களங்களில் முஸ்லிம் ஆசிரியரும் இந்து ஆசிரியரும் மாறிமாறிக் கற்பித்துவந்த வரலாற்றை அப்பெயரே தாங்கிநிற்கிறது எனலாம். தனித்து ஆடும் அலங்கார வீச்சு வேறு. எதிரியோடு பொரும் போர்ச்சிலம்பம் வேறு. தொடுமுறைப் போட்டியில் எதிரியின் உடலைக் கம்புமுனை தொட்டதே கணக்கு. முனையிற் சாந்தோ நிறப்பொடியோ பூசி, உடலில் விழுந்த அடையாளங்களை எண்ணித் தீர்ப்புக் கூறுவது பழைய முறைகளுள் ஒன்று. எதிரியின் கையிலிருந்து கம்பை வீழ்த்துவதும் வெற்றியே.

இம்முறைகள் ஒரு சமூகப் பயனையும் உடையன. உடலிற் பதிந்த பொட்டை ஊரார் அனைவரும் காண்பர். ஆதலின் தீர்ப்பு நடுவர் ஒருவரின் விருப்பத்திற்கு உட்பட்டதன்று. எழுத்தறியாதோரும் அதனைச் சரிபார்க்கலாம். நிறுவைக் கொட்டிலிற் கொழுந்தின் நிறை எவ்வாறு பதியப்படுகிறது என்பதை ஐயத்துடன் நோக்கப் பழகிய மக்களுக்கு, தம் கண்முன்னே எண்ணப்படும் இக்கணக்கு நம்பிக்கையளித்தது என நாம் கருதுவது மிகையாகாது.

களத்தின் எல்லைகள்

எனினும் இக்களத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. 'எவரும் இறங்கலாம்' என்பது எப்போதும் எல்லோருக்கும் உண்மையாயிருந்ததில்லை.

முதலாவது, சாதி. தென்னிந்தியக் கிராமத்தின் சாதி அடுக்கு கங்காணி முறையின் வழியாகத் தோட்டத்திலும் பேணப்பட்டது. ஆட்சேர்ப்பு உறவு வழியாக நடந்தமையால் லயங்களின் ஒதுக்கீட்டிலும் சாதி நின்றது. தப்பு முழங்காமற் சிலம்பம் களைகட்டாது. ஆனால் தப்பு முழக்கியவனைத் தீண்டாதவனாகக் கருதிய சமூகமே அம்முழக்கத்திற்குக் கம்பு சுழற்றியது. கலையின் உயிரை வழங்கியவனுக்குக் கலைஞனுக்குரிய மதிப்பு மறுக்கப்பட்டது. இம்முரண்பாட்டை மறைத்துவிட்டுத் 'தமிழர் வீரக்கலை' எனப் பெருமை பேசுவது ஆய்வாகாது.

இரண்டாவது, ஆதிக்கத்தோடு கலைக்கிருந்த உறவு. கோயிலும் விழாவும் பெரும்பாலும் பெரிய கங்காணியின் ஆதரவில் நடந்தன. கடன் கணக்கை வைத்திருந்தவரே விழாவின் புரவலருமாயிருந்தமையால், களத்திலே தோன்றிய தன்மானம் களத்தோடு நின்றுவிடும் வாய்ப்பும் இருந்தது. அது வேறு வடிவம் பெற்றதற்குத் தொழிலாளர் இயக்கமே காரணம். 1939-40 ஆம் ஆண்டுகளின் வேலைநிறுத்த அலையின்போது, ஊவாவின் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த சபையொன்றை அமைத்தனர். துரை அச்சபையோடு கலந்து செயற்பட இணங்கவேண்டியதாயிற்று. அங்கு அனுப்பப்பட்ட ஆயுதந்தாங்கிய பொலிசாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர் என்று இடதுசாரி இயக்க வரலாறு பதிவுசெய்கிறது. சிலம்பக்களத்திலிருந்தே இப்போராட்டம் பிறந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் தோட்ட எல்லைகளைக் கடந்து கூடப் பழகிய மக்களே தோட்ட எல்லைகளைக் கடந்து போராடவும் முடிந்தது என்பது மனங்கொளத்தக்கது.

மூன்றாவது, பெண்கள். தேயிலை உற்பத்தியின் முதுகெலும்பாகிய கொழுந்து பறித்தல் பெண்களின் உழைப்பு. ஆயினும் களம் ஆண்களுடையதாகவும், சுற்றி நிற்கும் இடமே பெண்களுடையதாகவும் இருந்தது. தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984 இலேயே கிடைத்தது. கூலியிற் சமத்துவம் பிந்தியதைப் போலவே களத்திலும் பிந்தியது.

வேறு பெருந்தோட்டங்களின் சான்று

பெருந்தோட்ட உழைப்பாளரின் போட்டிக்களத்தை ஆட்சியாளர் எவ்வாறு நோக்கினர் என்பதை அறிய, உலகின் வேறு இரு பகுதிகளை ஒப்புநோக்கலாம். திரினிடாட்டில் ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள் 'கலிந்தா' எனும் கம்புச் சண்டையைத் தமது களியாட்ட விழாவிற் பேணினர். 1881 இல் போட் ஒவ் ஸ்பெயினில் பொலிசார் அதனை அடக்க முற்பட்டபோது பெருங்கலகம் மூண்டது. 1884 இற் கம்பேந்தியோர் கூட்டமாகச் சேர்வது சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே, மொகரம் ஊர்வலத்தில் வந்த இந்திய ஒப்பந்தக் கூலிகள் சுடப்பட்டனர். பிறேசிலில், கரும்புத் தோட்ட அடிமைகளின் மரபில் வந்த கப்பொய்ரா 1890 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றமாக்கப்பட்டது. 1930களில் மெஸ்த்ரே பிம்பா பயிற்சிக்கூடம் அமைத்துக் கற்பித்தபின் அது மெல்ல மதிப்புப் பெற்றது. 2014 இல் யுனெஸ்கோ அதனை மானிட குலத்தின் கலாசார மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இரு வரலாறுகளிலிருந்தும் ஓர் உண்மை புலனாகிறது. உழைப்பாளன் தன் உடலைத் தனக்காகப் பழக்குவதைப் பெருந்தோட்ட ஆட்சி அஞ்சியது. அவ்வுடல் தோட்டத்துக்கு உரியது என்பதே அதன் கணக்கு. பின்னர் அக்கலையை அரசு ஏற்றுக்கொள்ளும்போது, அக்கலையைக் காத்த மக்களுக்கு அரசு என்ன வழங்கியது என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

குடியுரிமையும் கலைமரபும்

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு தொகுதிகளை வென்றது. பதுளை அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவிற்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இற் சமமாகப் பிரிக்கப்பட்டனர்.

இப்பங்கீட்டின் விளைவுகள் குடும்பங்களின் பிரிவு, வறுமை என்ற அளவில் ஆராயப்பட்டுள்ளன. கலைமரபின் மீதான விளைவும் சிந்திக்கத்தக்கது. சிலம்பம் நூலாற் பரவுவதன்று. ஆசிரியர் உடலிலிருந்து மாணாக்கர் உடலுக்குச் செல்வது. வாத்தியார் கப்பலேறினால் அவரிடமிருந்த சுவடுகளும் கப்பலேறும். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் தோட்டப்புறங்களையும் தாக்கின. 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபின், தமிழ் இளைஞர் பலர் கம்போடு கூடுவது பாதுகாப்புத் தரப்பினரின் ஐயத்திற்கு இலக்காகக்கூடிய சூழல் உருவாயிற்று. 2000 ஒக்ரோபரில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்ட தமிழ் இளைஞர் கும்பலாற் கொல்லப்பட்டமை, அவ்வச்சம் எத்துணை உண்மையானது என்பதைக் காட்டியது. நாடற்றவர் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் தீர்வு கண்டபோது ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. 'ஊரும் அன்று, நாடும் அன்று' என்ற பழம்பாட்டின் நிலை, இங்கே சட்டத்தின் மொழியில் ஒரு மக்கட்கூட்டத்தின் மீது எழுதப்பட்டிருந்தது.

புதிய களங்கள்

மரபுவழிக் களம் தளர்ந்த காலத்திலேயே புதிய ஈர்ப்புகள் தோன்றின. மலைநாட்டிற் பிறந்தவராகிய எம். ஜி. இராமச்சந்திரன் திரைப்படங்களிற் சிலம்பம் சுழற்றியமை, 1963 இல் வெளிவந்த 'பெரிய இடத்துப் பெண்' போன்ற படங்கள் வழியாகத் தோட்ட இளைஞரையும் கவர்ந்தது. 1970களிற் புரூஸ் லீயின் படங்கள் கராத்தே, குங்பூ ஆகியவற்றின் மீதான மோகத்தை ஆசியா முழுவதும் பரப்பின. 1975 இல் தோக்கியோவில் மசுத்தாட்சு ஒயாமா நடத்திய முதலாவது உலகத் திறந்த கராத்தேப் போட்டியிற் பல நாடுகளிலிருந்தும் 128 பேர் பங்குபற்றினர். எடைப்பிரிவு வகுக்காமல், பலவகைப் பயிற்சியாளரையும் ஒரே களத்தில் இறக்கியமை அதன் சிறப்பு. அதற்கும் பட்டினப்பாலையின் களரிக்கும் காலத்தால் நெடுந்தூரம், கருத்தாற் பெருந்தூரமன்று.

இலங்கையில் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்கீழ், பதிவுபெற்ற சங்கங்களின் வழியாகவே போட்டிகள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. இதனால் விதிகளும் பாதுகாப்பும் சான்றிதழும் கிடைக்கின்றன. அதேவேளை, பதிவுக் கட்டணம், சீருடை, பட்டித் தேர்வு, நகரத்திற்குச் செல்லும் பேருந்துச் செலவு என்பன நாட்கூலியில் வாழும் குடும்பத்தின் பிள்ளைக்கு மறைமுகத் தடைகளாகின்றன. போட்டி 'திறந்தது' என அறிவிக்கப்பட்டாலும், அதன் வாயிலுக்கு வந்துசேரும் வழி எல்லோருக்கும் திறந்ததாயில்லை.

தமிழ்நாட்டிற் சிலம்பம் அண்மையில் அரச ஏற்புப் பெற்றுள்ளது. 2024 சனவரியில் அங்கு நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் கம்பேந்தினர். ஆதிமந்தியும் நக்கண்ணையாரும் நின்ற ஓரத்திலிருந்து பெண் களத்தின் நடுவிற்கு வந்துள்ளமை, இக்கலையின் அண்மைக்கால வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் என்பது எமது துணிபு.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், பொதுப் போட்டிக்களத்தின் சமூக ஈர்ப்புக்கு மூன்று அடிப்படைகள் உள்ளன எனத் தொகுத்துரைக்கலாம். மூடிய வாழ்விடத்து மக்கள் அங்கே ஒருவரையொருவர் சந்தித்தனர். தீர்ப்பு யாவரும் காணத்தக்கதாயிருந்தது. உழைப்பிற்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட உடல் அங்கே தன் உடையவனிடம் மீண்டது. சாதியும் ஆணாதிக்கமும் இவ்வடிப்படைகளைக் குறைபடுத்தின. அக்குறைகளை நீக்காமல் இக்கலையை மீட்டெடுப்பது பழைய ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே மீட்டெடுப்பதாகும்.

ஊவாவிலே இத்தகைய களமொன்று இன்று அமையுமாயின், அதிற் சிலம்பமும் அங்கம்பொரவும் அருகருகே நிற்கவேண்டும் என்பது எமது விருப்பம். 1801, 1818 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் ஒரே பாடமாகக் கற்கும் பிள்ளைகள், ஒருவர் கம்பை மற்றவர் அஞ்சவேண்டிய தேவையில்லை.

இறுதியாக ஒன்று. களத்திற்கு முதலில் வேண்டியது நிலம். 2014 ஒக்ரோபர் 29 இற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மலையைப் பண்படுத்திய மக்களுக்கு, வீடு கட்டத் தரப்படுவது பெரும்பாலும் ஏழு பேர்ச் நிலமே. அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. உறுதியான மண்ணிற் குடியிருக்கும் உரிமை பெறாத சமூகத்திடம் வீரக்கலையின் பெருமையை மட்டும் பேசுவது பொருளற்றது. சிலம்பத்திற் கம்பைத் தொடுமுன் காலூன்றக் கற்பிக்கிறார்கள். மலையகத்து மக்களின் உரிமை வரலாற்றிலும் முதற்பாடம் அதுவே. அப்பாடம் இன்னும் முடிவுறவில்லை.